பாலத்தின் மேல் நான், கீழே பானு

டாஷ்போர்டில் நிறுத்தி வைத்திருந்த போன் எண்பத்தொன்று என்று காட்டியது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு, கீழ்நோக்கிச் சாய்ந்து நின்றது.

அது என் சர்க்கரை அளவு இல்லை. என் நாத்தனார் பானுவினுடையது. அவளுடைய மேல்கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அவள் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று அது அவளுடைய போனுக்குச் சொல்லும். அவள் போன் என் போனுக்குச் சொல்லும். டெல்லியிலிருந்து மதுரை வரைக்கும் அவள் சைக்கிள் மிதிக்க, நான் காரில் பின்னாலேயே போவதாக ஏற்பாடு.

ஆனால் அந்த நிமிடம் அவள் எனக்கு முன்னால் இல்லை. எனக்கு முன்னால் சிமென்ட் ஏற்றிய ஒரு லாரி நின்றிருந்தது. நான் பதர்பூர் மேம்பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டிருந்தேன். பானு பாலத்துக்கு அடியில் எங்கோ இருந்தாள். அது பயணத்தின் முதல் நாள் காலை. நாங்கள் இன்னும் டெல்லியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மதுரா ரோட்டில் பதர்பூர் நெருங்கும்போது சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் மேம்பாலம். ஏறினால் ஃபரீதாபாத் பக்கம்தான் இறங்க முடியும், நடுவில் வழி கிடையாது. சைக்கிள் அதில் ஏறக் கூடாது. இடது பக்கம் போனால் பாலத்துக்கு அடியில், ஆட்டோவும் டெம்போவும் தள்ளுவண்டியுமாக ஊரே நெரிகிற சாலை. இடது பக்கம்தான் போக வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரியே இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம்.

பானு ஒழுங்காக இடது பக்கம் போனாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பேருந்து மூக்கை நுழைத்தது. நான் இடது இண்டிகேட்டரைப் போட்டேன். டெல்லியில் இண்டிகேட்டர் போட்டால், அந்தப் பக்கம் உன்னை விடக் கூடாது என்று ஊருக்கே அறிவித்ததாக அர்த்தம். பின்னால் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கார் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

சரி, மறுமுனையில் இறங்கிக் காத்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருப்பேன். எல்லா வண்டியும் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ ஒரு டிரெய்லர் பழுதாகி, குறுக்கே நிற்கிறது என்று சொன்னார்கள்.

அப்போதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பானுவின் மஞ்சள் நிற விண்ட்சீட்டர் சுருண்டு கிடந்தது. சரிதா விஹார் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது, வெயில் வந்துவிட்டது என்று கழற்றி ஜன்னல் வழியாக உள்ளே எறிந்திருந்தாள். ஏதோ தோன்றி அதன் பையில் கைவிட்டேன். கையில் தட்டுப்பட்டது அத்தனையும் குளுக்கோஸ் பாக்கெட்டுகள்.

தனியாகப் பயிற்சிக்குப் போன நாட்களில் அவற்றை முதுகுப் பக்கத்து ஜெர்சிப் பையில்தான் வைத்திருப்பாள். ஒரு நாளும் மறந்ததில்லை. இன்றைக்குத்தான் கார் பின்னால் வருகிறதே, அண்ணி இருக்கிறாரே என்று எந்தப் பையில் வைத்தோம் என்பதைக்கூட யோசிக்காமல் எறிந்துவிட்டாள். எறிந்ததை நானும்தான் பார்த்தேன்.

போன் எழுபத்துநான்கு என்றது. சாய்ந்திருந்த அம்பு இப்போது நேர் கீழே பார்த்தது.

ஃபிரிட்ஜில் தொடங்கிய குடித்தனம்

பானுவுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. ஊசி போட்டே ஆக வேண்டும். ஊசியின் அளவு கொஞ்சம் கூடினாலும், சாப்பாடு கொஞ்சம் தள்ளினாலும் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போதும் கவனிக்காவிட்டால் மயக்கம்தான். அதற்கு மேல் என்னவென்று நான் எழுத விரும்பவில்லை.

கல்யாணமாகி நான் மதுரையிலிருந்து டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கிய அன்றைக்கு, என் கணவர் எனக்கு முதன்முதலில் காட்டியது ஃபிரிட்ஜை. கதவைத் திறந்து, மேல் தட்டில் இருந்த இன்சுலின் டப்பாக்களைக் காட்டினார்.

"தேனு, கரண்ட் போச்சுன்னா மொதல்ல இதை ஐஸ்ல எடுத்து வையி. மத்ததெல்லாம் அப்புறம்."

தேன்மொழி என்ற என் பெயரை அவர் தேனு என்று சுருக்கிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் புதுப்பெண்ணுக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. டெல்லியைச் சுற்றிக் காட்டுவார் என்று வந்தவளுக்கு மருந்து டப்பாவா என்று இருந்தது. ரொம்ப நாளைக்கு அந்தக் கோபம் போகவில்லை. நான் ஒரு கணவனைக் கட்டிக்கொள்ளவில்லை, ஒரு அண்ணனைக் கட்டிக்கொண்டேன் என்று என் அக்காவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறேன்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. நோய் வந்த புதிதில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பானு பஸ் ஸ்டாப்பிலேயே மயங்கிச் சரிந்திருக்கிறாள். பிள்ளை அசந்து தூங்குகிறது என்று ஜனங்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். தேடிக்கொண்டு வந்த இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். இவருக்கு அப்போது கல்லூரி வயது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பானுவுக்கு எதற்குமே அனுமதி இல்லை. பள்ளிச் சுற்றுலா இல்லை. நீச்சல் இல்லை. ஜிலேபி என்ற சொல்லே வீட்டில் இல்லை. படித்து, குருகிராமில் நல்ல வேலைக்குப் போய், அங்கே பத்துப் பேருக்கு மேலாளரான பிறகும், சாயங்காலம் மெட்ரோவில் ஏறியதும் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வரன் வந்தபோதெல்லாம் அவளுக்கு முன்னால் அவளுடைய நோயைப் பற்றி இவர்தான் பேசினார். அவள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "மதுரைக்குப் போறேன். சைக்கிள்ல" என்றாள். மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கடைசியில் இவர் ஒரு நிபந்தனை போட்டார். பின்னால் கார் போக வேண்டும். நம்பர் ஒரே ஒரு தடவை எழுபதுக்குக் கீழே சிவப்புக்குப் போனாலும், சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"அண்ணா வந்தா நான் மதுராகூடப் போய்ச் சேர மாட்டேன், அண்ணி. நீங்க மட்டும் வாங்க" என்றாள் பானு. நான் ஆபீசில் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்தேன். இவர் என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முதல் கியரில் ஒரு வாழ்க்கை

பின்னால் கார் ஓட்டுவது என்ன பெரிய வேலை, ஏசியைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போக வேண்டியதுதானே என்று, இந்தப் பயணத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அம்மா, நீங்கள் ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள்.

சைக்கிள் வேகத்துக்குக் காரை ஓட்டினால் இடது கால் கிளட்சிலேயே கிடக்கும். சாயங்காலம் இறங்கும்போது அது என் கால்தானா என்று சந்தேகம் வரும். காரின் பின்கண்ணாடியில் முன்னால் சைக்கிள் போகிறது என்று இந்தியில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தோம். நான்கு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் டெல்லி விடாது. ஹாரன், ஹாரன், மேலும் ஹாரன். ஜன்னலை இறக்கி, "ஆன்ட்டி ஜி, காடி சலா ரஹீ ஹோ யா பாராத்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டுப் போனான். காரா ஓட்டுகிறாய், கல்யாண ஊர்வலமா நடத்துகிறாய் என்று அர்த்தம். ஆசிரமம் சிக்னல் தாண்டுவதற்குள் என் வாயில் வந்த இந்தி வசவுகளைக் கேட்டு நானே அசந்துபோனேன்.

இதற்கு நடுவில் ஒரு கண் பானுவின் ஆரஞ்சு ஹெல்மெட்டில், ஒரு கண் போனில் இருக்க வேண்டும். அதே நம்பர் இவருடைய போனிலும் தெரியும். அதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

பாலத்தின் மேல்

அறுபத்தெட்டு. போன் அலறியது. திரை சிவந்தது. அலாரம் நிற்பதற்குள் இவருடைய அழைப்பு வந்தது.

"தேனு, நம்பர் பாத்தியா?"

"பாத்தேங்க."

"குளுக்கோஸ் குடுத்துட்டியா?"

"அவ கீழ போறா. நான் பாலத்து மேல மாட்டிக்கிட்டேன். குளுக்கோஸ் இங்க என்கிட்ட இருக்கு."

"அவ போனை எடுக்கலடி. நாலஞ்சு தடவை அடிச்சுட்டேன். எடுக்கவே இல்ல" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நானும் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அறுபத்திரண்டு. அதற்குப் பிறகு எண் இருந்த இடத்தில் வெறும் கோடு வந்தது. சிக்னல் போய்விட்டதா, அவள் போன் அணைந்துவிட்டதா, அவள் எங்காவது விழுந்து கிடக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. இறங்குகிற எண்ணைப் பார்ப்பதைவிட அந்தக் கோட்டைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

ஜன்னல் வழியாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அவள் எனக்கு நேர் கீழேயே இருக்கலாம். கல்லைப் போட்டால் அவள் பக்கத்தில் விழும். ஆனால் இறங்குவதற்குப் படி கிடையாது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

காரை அணைத்தேன். குளுக்கோஸ் பாக்கெட்டுகளை விண்ட்சீட்டரோடு அள்ளிக்கொண்டு இறங்கி, பின்னால் நின்ற டாக்ஸிக்காரரின் ஜன்னலில் தட்டினேன். சாவியை அவர் கையில் திணித்து, என் தங்கை கீழே இருக்கிறாள், உடம்பு சரியில்லை, வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் கத்தினேன். நாத்தனார் என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தங்கை என்றுதான் வந்தது.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஜாவோ ஆன்ட்டி ஜி, ஜல்தி ஜாவோ" என்று என்னைச் சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினார்.

வந்த வழியே, வண்டிகளுக்கு எதிராக, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேனே தவிர, ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண், சல்வாரும் செருப்புமாக, டெல்லியின் நவம்பர் புகையில் எப்படி ஓடியிருப்பாள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டை எரிந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டினார்கள். பஸ் ஸ்டாப்பில் சரிந்து கிடந்த பதினோரு வயதுப் பெண்தான் கண்ணுக்குள் நின்றாள். நான் பார்த்திராத காட்சி அது. அன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் இவர் என்ன சுமந்துகொண்டிருந்தார் என்று அந்தச் சரிவில் இறங்கும்போது எனக்குப் புரிந்தது.

பாலத்தின் கீழே

பாலம் இறங்கி, அடியில் போகும் சாலையில் திரும்பி, தூண்களுக்கு நடுவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் தெரிந்தது சைக்கிள். நடைபாதையில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஹெல்மெட் உருண்டு கிடந்தது.

அதற்கு இரண்டு அடி தள்ளி, ஒரு தள்ளுவண்டியின் நிழலில், ஒரு தகர டப்பாவின் மேல் பானு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, வேர்வை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் நடுங்கின. அந்த நடுங்குகிற கையில் ஒரு இலைத் தொன்னை. தொன்னையில் ஜிலேபி. பாகு முழங்கை வரைக்கும் ஒழுக, அவள் பிய்த்துப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிக்காரர் எண்ணெயில் அடுத்த சுற்றைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணி" என்றாள் வாயில் ஜிலேபியோடு. "ரெண்டு நிமிஷம். ஒண்ணும் பேசாதீங்க."

அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது.

"போனை ஏன்டி எடுக்கல?" என்றேன் ஒருவழியாக.

"எப்படி எடுப்பேன்? ஒரு போன் அண்ணா, ஒரு போன் நீங்க, மாத்தி மாத்தி. கை நடுங்குது, கண்ணு மங்குது. பாக்கெட்ல கை விட்டா காலி. அப்ப பேசறதா, சாப்பிடறதா? சத்தம் தாங்காம போனை ஆஃப் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு இன்னொரு ஜிலேபியைக் கடித்தாள். "வாழ்க்கைல முதல் தடவை கில்ட் இல்லாம சாப்பிடறேன், அண்ணி. அச்சா இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போனை உயிர்ப்பித்தோம். முதலில் ஐம்பத்தொன்பது காட்டியது. உடம்பில் ஏறுவது சென்சாரில் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அறுபத்தாறு. பிறகு எண்பது. அவள் உதட்டுக்கு நிறம் வந்தது. நூற்றைத் தாண்டிய பிறகுதான் எழுந்து நின்றாள். கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை.

இவர் கூப்பிட்டார்.

"ஏறிடுச்சு, பாத்தேன். சைக்கிளைக் கட்டி அவளைக் கூட்டிட்டு வா. சத்தியம் பண்ணியிருக்க."

பானு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாளே, அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் வர ஆரம்பித்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பண்ணேங்க. இல்லன்னு சொல்லல" என்றேன். "ஆனா நான் வர்றதுக்குள்ள அவளே பாத்துக்கிட்டா. நான் எதுவுமே பண்ணல. இவளை எப்படி நான் வண்டில ஏத்திக் கூட்டிட்டு வருவேன்?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீ பக்கத்துல இருப்பன்னு நம்பித்தானே அனுப்புனேன். நீ எங்க இருந்த?"

பானு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணா, யாருமே பக்கத்துல இல்ல. நீயும் இல்ல, அண்ணியும் இல்ல. எனக்கே தெரிஞ்சது. நானே நிறுத்தினேன், நானே வாங்கிச் சாப்பிட்டேன். அன்னைக்கு பஸ் ஸ்டாப்ல விழுந்தேன். இன்னைக்கு விழல. தப்பு என்னன்னா, கார் இருக்குன்னு நம்பி குளுக்கோஸைக் கார்ல போட்டுட்டேன். அவ்ளோதான்."

பாலத்துக்கு மேல் ஹாரன்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு, போனை அண்ணியிடம் கொடு என்றார்.

"தேனு, அந்தக் குளுக்கோஸ் எல்லாத்தையும் அவ பாக்கெட்ல போடு" என்றார். "கார்ல ஒண்ணுகூட வைக்காத." வைத்துவிட்டார்.

ஒவ்வொன்றாக எடுத்து அவள் ஜெர்சியின் முதுகுப் பக்கத்துப் பைகளில் போட்டேன். தள்ளுவண்டிக்காரர் காகிதத்தில் சுற்றி இன்னும் இரண்டு ஜிலேபி கொடுத்தார். அதையும் போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கார் பாலத்தின் மேல் இருக்கிறது. சைக்கிள் மேலே வர முடியாது. இவ்வளவு தூரம் ஓடி வந்து கண்டுபிடித்தவளை மறுபடியும் தனியாக விட்டுவிட்டு நான் மேலே போயாக வேண்டும்.

"போங்க அண்ணி" என்றாள். "அந்தப் பக்கம் பாலம் இறங்குற இடத்துல பாக்கலாம்."

போனேன். ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தூண்களுக்குள் ஆரஞ்சு ஹெல்மெட் கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது. டாக்ஸிக்காரர் என் காருக்குப் பக்கத்தில் காவல் நின்றுகொண்டிருந்தார். தங்கை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். டிரெய்லரை இழுத்துப் போட மேலும் நேரமானது. போன் நூற்றுப்பதினான்கு என்றது, அம்பு கீழே சாயாமல் இருந்தது. அதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் போனில் சார்ஜ் தீர்ந்து அதுவும் அணைந்துவிட்டது.

ஒருவழியாக வரிசை நகர்ந்து, பாலம் இறங்கி, இடது பக்கம் ஒதுங்கினேன். பானு எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். சைக்கிளைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, இறங்கி வருகிற ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க போயிட்டீங்க அண்ணி? போனும் எடுக்கல. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க என்கிட்ட ஒரு நம்பர்கூட இல்லையே!"